அப்பா என்ன பண்றார்?

போன மாதம் ஒரு ஞாயிறு. எங்கள் ஊர் மாணவர் விடுதியில் வேலைவாய்ப்பு வழிகாட்டிக் கூட்டம் என்று அம்பேத்கர் வாசகர் வட்டத்துப் பையன்கள் கூப்பிட்டிருந்தார்கள். நானும் போனேன். பேச வந்தவர் பெரிய கம்பெனி ஒன்றில் துணைத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். கெட்ட மனுசன் இல்லை. விடுதிச் சாம்பாரை முகம் சுளிக்காமல் சாப்பிட்டார். 'உயர் நிர்வாகி ஆவது எப்படி?' என்று ஆளுக்கொரு தாள் கொடுத்தார். பட்டம், அதற்கு மேல் நிர்வாகப் படிப்பு, பிறகு ஒரு பிரிவு, ஒரு வட்டாரம், ஒரு மண்டலம், கடைசியில் தலைமை நிர்வாக அதிகாரியின் நாற்காலி என்று படிக்கட்டுப் படம் வேறு போட்டிருந்தது. ஒரு நாளைக்குப் பதினாலு மணி நேரம் உழைக்கணும், பாதி ராத்திரி விமான நிலையத்தில் தூங்கணும், பிள்ளையின் பிறந்தநாளை மறக்கணும், ஆயிரம் பேர் பிழைப்பு தன் கையெழுத்தில் தொங்குவதைத் தாங்கணும் என்றெல்லாம் சொன்னார்.

பின்வரிசையில் ஒரு பையன் எழுந்தான். பி.காம். கடைசி வருசம். "சார், இந்தப் படியில எத்தனாவது படியில சார் சாதி கேப்பாங்க?"

அவர் சிரித்தார். "கார்ப்பரேட்ல அதெல்லாம் கிடையாது தம்பி. அங்க திறமை மட்டும்தான்."

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். வங்கியில் பத்து வருசத்துக்கு மேல் குப்பை கொட்டியவன், நாலு கவிதை எழுதியவன், மேடையில் ஏறினால் சாதி ஒழிப்பு பேசுகிறவன், கை தட்டினேன். விருந்தாளி மனம் நோகக் கூடாதாம். அந்தப் பையன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அன்றைக்குச் சொல்லாமல் முழுங்கியதை இங்கே எழுதுகிறேன்.

அவர் தாளில் இருந்தது பொய் இல்லை. முக்கால் உண்மை. உயர் நிர்வாகி என்பவன் என்ன செய்கிறான்? அவன் எந்திரம் ஓட்டுவதில்லை, கணக்கு எழுதுவதில்லை, சரக்கு விற்பதில்லை. பணத்தை எங்கே போடுவது, எங்கிருந்து எடுப்பது, யாரை வைப்பது, யாரை அனுப்புவது என்று முடிவு செய்கிறான். வங்கிக்காரனைப் பார்க்கிறான், அமைச்சகத்தைப் பார்க்கிறான், பங்குதாரரைச் சமாளிக்கிறான். நாள் முழுக்கக் கூட்டம். இதில் 'யாரை வைப்பது' என்பதுதான் உயிர்நாடி. ஒவ்வொரு நிர்வாகியும் தனக்குக் கீழே உள்ளவனைத் தேர்ந்தெடுக்கிறான். அவனை மேலே உள்ளவன் தேர்ந்தெடுத்திருக்கிறான். 2013 கம்பெனிகள் சட்டப்படி பட்டியலிடப்பட்ட கம்பெனியில் இதற்கென்றே நியமனக் குழு ஒன்று இருக்கிறது, 178-ஆம் பிரிவு. இயக்குநர்களில் சிலர் சேர்ந்து அடுத்த இயக்குநரை அடையாளம் காண்பார்கள். இதற்கு எந்தத் தேர்வாணையமும் பரீட்சை வைப்பதில்லை. எப்படி அடையாளம் காண்பார்கள்? தெரிந்தவன், தெரிந்தவனுக்குத் தெரிந்தவன், 'நம்பிக்கையான ஆள்'. கோடிக்கணக்கான பணத்தைத் தூக்கிக் கொடுக்க வேண்டிய வேலை இல்லையா, நம்பிக்கை வேண்டும்தானே. இந்த நாட்டில் யார் யாரை நம்புவான், யார் கையால் தண்ணி வாங்கிக் குடிப்பான் என்பதைச் சொல்ல நிர்வாகப் படிப்பு வேண்டுமா?

சந்தேகம் இருந்தால் எண்ணிப் பார்க்கலாம். எண்ணியும் இருக்கிறார்கள். 2012-இல் எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லியில் அஜித், டோங்கர், சக்சேனா என்ற மூவர் எழுதிய ஆய்வு. 2010 நிலவரப்படி இந்தியாவின் முதல் 1000 கம்பெனிகள், 9,052 இயக்குநர்கள். அதில் முன்னேறிய சாதியினர் 92.6 சதவீதம். பிராமணர் மட்டும் 44.6. வைசியர் 46. பிற்படுத்தப்பட்டவர் 3.8. பட்டியல் சாதியும் பழங்குடியும் சேர்த்து 3.5. 2011 மக்கள் தொகைக் கணக்குப்படி நாம் நூற்றுக்கு 16.6 பேர், பழங்குடியினர் 8.6 பேர். நாலில் ஒரு பங்கு சனத்துக்கு அந்த மேசையில் நூற்றுக்கு மூன்றரை நாற்காலி. பிற்படுத்தப்பட்ட தோழர்களும் தங்கள் எண்ணை இன்னொரு தரம் படிக்கட்டும். ஊரில் நம் தெருவுக்குத் தேர் வரக் கூடாது என்று அரிவாளைத் தூக்குகிறவருக்கு, மேலே அந்த மேசையில் உட்கார இடம் இல்லை.

இது அக்ரகாரத்துக் கிணறு போன்ற சமாச்சாரம் என்று நான் சொன்னால் 'எல்லாத்தையும் சாதியாப் பாக்குறான்' என்பார்கள். சரி, திறமை இருந்தவன் ஒருத்தனைப் பார்ப்போம். கொலம்பியாவில் பொருளாதாரம் படித்துவிட்டு, லண்டன் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு 1917-இல் ஊர் திரும்பினார் ஒருவர். பரோடாவில் மன்னரிடம் வேலை. தங்க இடம் கிடைக்காமல் பார்சி சத்திரத்தில் பேரை மாற்றிக்கொண்டு தங்கி, தடி தூக்கி வந்த கும்பலால் துரத்தப்பட்டு, பம்பாய்க்கே திரும்பினார் என்பது நாம் எல்லோரும் மேடையில் சொல்கிற கதை. அதற்குப் பிறகு என்ன செய்தார் என்பதை நாம் அதிகம் சொல்வதில்லை. பம்பாயில் பங்கு வியாபாரிகளுக்கு ஆலோசனை சொல்லும் தொழில் தொடங்கினார். ஆமாம், பங்குச் சந்தை! ஆரம்பத்தில் ஆள் வந்தது. ஆலோசனை சொல்கிறவன் தீண்டப்படாதவன் என்று தெரிந்ததும் நின்றுபோனது. 1918-இல் சிடன்ஹாம் கல்லூரிக்கு வாத்தியார் வேலைக்குப் போனார். ரூபாயின் பிரச்சினை பற்றி 1923-இல் புத்தகம் போட்ட மூளை அது. அந்த மூளை சொல்கிற புத்திமதியைக் கேட்டால் லாபம் வரும் என்று வியாபாரிக்குத் தெரியும். லாபம் போனாலும் பரவாயில்லை என்று எழுந்து போனான். முதலாளிக்கு லாபம்தான் சாமி, அவன் சாதி பார்க்க மாட்டான் என்று நம்ம மார்க்சியத் தோழர்கள் சிலர் சொல்லும்போதெல்லாம் எனக்கு பம்பாயில் காலியாய்க் கிடந்த அந்த அலுவலகம் ஞாபகம் வரும்.

நூறு வருசத்துக்கு முந்தின கதை என்பீர்கள். 2007-க்கு வருவோம். சுகதேவ் தோரட்டும் பால் அட்டெவெல்லும் ஒரு காரியம் செய்தார்கள். பத்திரிகைகளில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை அனுப்பினார்கள். வித்தியாசம் பெயரில் மட்டும். ஒன்றில் மேல்சாதிப் பெயர், ஒன்றில் தலித் பெயர், ஒன்றில் முஸ்லிம் பெயர். 548 விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள். மேல்சாதிப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பை 100 என்று வைத்தால் தலித் பெயருக்கு 67, முஸ்லிம் பெயருக்கு 33. ஆளைப் பார்க்கவில்லை, குரலைக் கேட்கவில்லை. பேரைப் படித்ததோடு சரி.

தமிழ்நாட்டில் பேருக்குப் பின்னால் சாதி கிடையாது, நாங்கள் பெரியார் மண் என்று மார் தட்டுவோம். உண்மைதான். அதனாலேதான் இங்கே வேறு வழியில் கேட்கிறான். எந்த ஊர்? ஊர்ல எங்க? பஸ் ஸ்டாப்புக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? எங்க படிச்சே? மதிப்பெண் பட்டியலில் 'அரசு ஆதிதிராவிடர் நல மேல்நிலைப் பள்ளி' என்று அச்சடித்திருக்கும்போது அவன் கேட்கக்கூட வேண்டாம். 2025-இல் விடுதிகளின் பெயரைச் சமூகநீதி விடுதி என்று மாற்றினார்கள். நல்லது, வரவேற்போம். பெட்டிக்குள் இருக்கிற பழைய சான்றிதழை யார் வந்து மாற்றுவது?

எல்லாவற்றையும் ஒரே கேள்வியில் கேட்டுவிடும் வழி ஒன்று இருக்கிறது: "அப்பா என்ன பண்றார்?" அதே 2007-இல் சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் டெல்லிப் பக்கத்துக் கம்பெனிகளில் ஆள் எடுக்கும் மேலாளர்களைப் பேட்டி கண்டார்கள். அந்த மேலாளர்கள் எல்லாம் தகுதி, திறமை என்றுதான் பேசினார்கள். கூடவே குடும்பப் பின்னணியும் முக்கியம் என்றார்கள். ஒரே வாயில் இரண்டும். குடும்பப் பின்னணி எப்படித் திறமையாகும்? நல்ல குடும்பத்துப் பையன் நல்லாப் பேசுவான், பழகத் தெரிந்திருக்கும், நம்பலாம், அப்படி. மேல்படிக்கு இதுதான் முதலீடு. நம்ம விருந்தாளி 'நெட்வொர்க், நெட்வொர்க்' என்று ஏழெட்டுத் தரம் சொன்னாரே, அது இதுதான். தாத்தா கிளப்பில் சேர்ந்தார், அப்பா அந்தக் கிளப்பில் டென்னிஸ் ஆடினார், பையனுக்கு நெட்வொர்க். நம்ம பையனுக்கும் தாத்தா உண்டு. அதே கிளப்பில் பந்து பொறுக்கியிருப்பார்.

தனியாரை மட்டும் பேசிவிட்டு நான் இருக்கிற இடத்தை மறைத்தால் அயோக்கியத்தனம். என் வேலை பொதுத்துறை வங்கியில். ஒதுக்கீட்டில் வந்தவன், அதைச் சொல்ல எனக்கு வெட்கம் கிடையாது. எங்கள் வங்கிகளிலும் ஒரு படிக்கட்டு இருக்கிறது. கிளார்க்கு மேலே ஸ்கேல் ஒன்று. அப்புறம் ஸ்கேல் இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. ஆறும் ஏழும் வந்துவிட்டால் அதற்குப் பேரே 'டாப் எக்ஸிக்யூட்டிவ் கிரேடு'. துணைப் பொது மேலாளர், பொது மேலாளர். அதற்கும் மேலே செயல் இயக்குநர், நிர்வாக இயக்குநர். கிளார்க்காகச் சேர ஒதுக்கீடு உண்டு. கிளார்க்கிலிருந்து ஸ்கேல் ஒன்றுக்கும் உண்டு. அதற்கு மேல்? சென்னையிலிருந்து போன வழக்கு ஒன்றில் 2015 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஸ்கேல் ஆறு வரைக்கும் பதவி உயர்வில் ஒதுக்கீடு தர வேண்டும் என்றது. எங்கள் சங்கத்தில் மிட்டாய் கொடுத்தார்கள், நானும் தின்றேன். சரியாக ஒரு வருசம். 2016 ஜனவரியில் மறுஆய்வில் அதே நீதிமன்றம், முன்பு சொன்னது பிழை என்று தன் தீர்ப்பைத் தானே திருத்திக்கொண்டது. இயக்குநர் நாற்காலிக்கு ஒதுக்கீடு என்ற பேச்சே எந்தக் காலத்திலும் இல்லை. ஆக, வாசலில் கதவைத் திறந்துவிட்டு மாடிப்படியில் பூட்டுப் போட்டிருக்கிறார்கள். பிறகு, 'இத்தனை வருசமா இடஒதுக்கீடு குடுத்தும் மேல வர முடியல பாத்தியா' என்று கேண்டீனில் பேசுகிறார்கள்.

கீழ்ப்படியிலும் என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். கூட்டிப் பெருக்கும் வேலையில் எப்போதும் நம்மவர்தான், அதில் மட்டும் யாரும் திறமை பேசியதில்லை. ஆனால் அது நிரந்தர வேலையாக இருந்தது. பஞ்சப்படி உண்டு, ஓய்வூதியம் உண்டு, பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பலாம். 'செலவைக் குறை' என்று மேலே ஒருவன் கையெழுத்துப் போட்டான். இப்போது எங்கள் கிளையில் கூட்டுகிற அக்கா காண்ட்ராக்ட். சம்பளம் எவ்வளவு என்று அவருக்கே மாதாமாதம்தான் தெரியும். துடைப்பம் அதே கையில்தான் இருக்கிறது, ஓய்வூதியம் மட்டும் போய்விட்டது. உயர் நிர்வாகியின் வேலை என்ன என்று கேட்டால் இந்த ஒரு கையெழுத்தைத்தான் நான் காட்டுவேன். அவர் யாரையும் திட்டவில்லை, சாதிப் பேர் சொல்லவில்லை. அவருக்கு அந்த அக்காவைத் தெரியவே தெரியாது.

நாற்காலி எப்படி வந்தது என்பதையும் கொஞ்சம் பார்க்கணும். திறமையால் மட்டும் வந்ததா? இந்தத் தமிழ்நாட்டு வங்கிகளின் பேரைப் படியுங்கள். 1916-இல் கரூர் வைசியா வங்கி. 1921-இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி. 1962-இல்தான் அது தமிழ்நாடு மெர்க்கன்டைல் ஆனது. 1937-இல் நகரத்தார் ஒருவர் தொடங்கியது இந்தியன் ஓவர்சீஸ் வங்கி. நாடார்களை நான் குறை சொல்லவில்லை. கோவிலுக்குள் நுழையாதே என்று அடிபட்ட சனம் மகமைப் பணம் சேர்த்து, பள்ளிக்கூடம் கட்டி, வங்கியும் கட்டியது. நாம் படிக்க வேண்டிய பாடம். ஆனால் மகமை எடுக்க முதலில் கையில் வியாபாரம் வேண்டும், கடைவீதியில் ஒரு கடை வேண்டும். நம் பாட்டன் கடை போட்டால் யார் வந்து வாங்கியிருப்பான்? இன்றைக்கும் டீக்கடை வைக்கிற நம்மாளுக்குத் தெரியும். அதனாலே நாம் அரசு வேலையைப் பிடித்தோம். வேறு வாசல் எதுவும் திறந்திருக்கவில்லை. ரெட்டமலை சீனிவாசன் நீலகிரியில் வெள்ளைக்காரர் கம்பெனியில் கணக்கராக இருந்தவர். கணக்கு எழுதப் பழகிய அந்த ஆள்தான் பிறகு 1893-இல் 'பறையன்' என்று பத்திரிகை போட்டு ஊரையே கணக்குக் கேட்டார். நம்மவனுக்கு எண் தெரிந்தால் அவர்களுக்குப் பிடிக்காததற்குக் காரணம் இருக்கிறது.

தனியார் துறையில் ஒதுக்கீடு என்று 2004-இல் ஐக்கிய முற்போக்குக் கூட்டணி பேச்செடுத்தது. 2006-இல் மன்மோகன் சிங் முதலாளிகள் கூட்டத்தில் போய், நீங்களாகவே ஏதாவது செய்யுங்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார். அவர்கள் ஜே.ஜே. இரானி தலைமையில் குழு போட்டார்கள். குழு சொன்னதன் சாரம்: சட்டம் வேண்டாம், நாங்களாக மனசு வைத்துச் செய்கிறோம், பயிற்சி தருகிறோம், உதவித்தொகை தருகிறோம். இருபது வருசம் ஆகப் போகிறது. 2013 சட்டத்தின் 135-ஆம் பிரிவு வந்த பிறகு பெரிய கம்பெனிகள் லாபத்தில் இரண்டு சதவீதம் சமூகக் காரியங்களுக்குச் செலவிடுகின்றன. நம் விடுதிக்கும் வந்தார்கள். தண்ணீர்த் தொட்டி, நாற்பது ஸ்கூல் பை, பையில் கம்பெனி சின்னம், போட்டோ. பங்கைக் கேட்டோம், பையைக் கொடுத்தார்கள்.

சட்டத்துக்குக் கம்பெனி வாசலில் வேலை இல்லை என்பது சுத்தப் பொய். அதே 2013 சட்டம்தான் பட்டியலிட்ட கம்பெனியில் ஒரு பெண் இயக்குநராவது இருந்தே ஆகணும் என்றது. குடி முழுகிப் போகவில்லை. அதே சட்டம்தான் நடுவில் நிற்கிற ஊழியனின் சம்பளத்தைவிட நிர்வாக இயக்குநரின் சம்பளம் எத்தனை மடங்கு என்று ஆண்டறிக்கையில் அச்சிடச் சொல்கிறது. ஆணா பெண்ணா எத்தனை பேர், மாற்றுத்திறனாளி எத்தனை பேர் என்று பெரிய கம்பெனிகள் எழுத வேண்டும். எந்தச் சாதி எத்தனை பேர் என்று மட்டும் கேட்பதில்லை. அரசியல் சட்டத்தில் 93-ஆவது திருத்தம் தனியார் கல்லூரி வரைக்கும் ஒதுக்கீட்டுக்கு வழி விட்டது, 2014-இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லும் என்றது. தனியார் கல்லூரிக்குள் நுழைய முடிந்த சட்டத்துக்குத் தனியார் கம்பெனியில் மட்டும் கால் மடங்கிக்கொள்ளுமா? முதல் கோரிக்கை இதுதான்: சாதியை எண்ணு, இயக்குநர் குழுவிலிருந்து துடைப்பம் வரை எண்ணி ஆண்டறிக்கையில் அச்சிடு. இரண்டாவது கோரிக்கை ஒதுக்கீடு, சட்டத்தோடு.

இங்கே நம்ம ஆட்களோடும் ஒரு சண்டை இருக்கிறது. ஒரு பக்கம், 'முதலாளித்துவ வேலை நமக்கெதுக்குத் தோழர்' என்கிறவர்கள். அய்யா, அந்தப் பத்தாவது மாடியைத் தினமும் காலையில் ஆறு மணிக்குக் கூட்டுவது நாமதான். நமக்கும் அந்தக் கட்டடத்துக்கும் சம்பந்தமில்லை என்று யார் சொன்னது? இன்னொரு பக்கம், தலித் முதலாளித்துவம் பேசுகிறவர்கள். 2005-இல் புனேயில் மிலிந்த் காம்ப்ளே தொடங்கிய தலித் தொழில் வர்த்தக சபை இருக்கிறது. தொழில் தொடங்கட்டும், ஜெயிக்கட்டும், சந்தோசம்தான். ஆனால் ஒரு தலித் கோடீஸ்வரனின் போட்டோவைக் காட்டி, பார் முடிந்துவிட்டது பிரச்சினை என்றால் ஒத்துக்கொள்ள முடியாது. பெண் இயக்குநர் கட்டாயம் என்றதும் எத்தனை குடும்பக் கம்பெனிகள் மனைவியையும் மகளையும் கொண்டுவந்து உட்கார வைத்தன? நாளைக்கு நமக்கும் அப்படி ஒரு பொம்மை நாற்காலி போடுவார்கள். அதில் யார் உட்காரப் போகிறார், உட்கார்ந்து எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடப் போகிறார் என்பதை இப்போதே பேசி வைக்கணும்.

மேலே போனவன் என்ன செய்வான் என்பதற்கு நம் கண் முன்னாலேயே சாட்சி உண்டு. 2015-இல் சுந்தர் பிச்சை கூகுளுக்குத் தலைமை நிர்வாகி ஆனபோது தமிழ்நாடே தன் பிள்ளை ஜெயித்த மாதிரி கொண்டாடியது. 2022-இல் அதே கம்பெனியில் தேன்மொழி சௌந்தரராஜன் சாதி பற்றிப் பேச அழைக்கப்பட்டார். அவரும் தமிழச்சிதான், தலித். ஊழியர்களில் ஒரு கூட்டம் அவரை இந்து விரோதி என்று மேலே எழுதிப் போட்டது. பேச்சு நிறுத்தப்பட்டது. பேசவிடும்படி பிச்சைக்கே தேன்மொழி எழுதினார். பேச்சு நடக்கவில்லை. பிளவு உண்டாக்குகிறது, அதனால்தான் நிறுத்தினோம் என்றது கம்பெனி. கொண்டாடிய பத்திரிகைகளில் எத்தனை இந்தச் செய்தியைப் போட்டன? உலகத்திலேயே பெரிய நாற்காலிகளில் ஒன்று, அதில் ஒரு தமிழர், சேரியிலிருந்து வந்த ஒரு சொற்பொழிவுக்கு ஒரு மணி நேரம் கிடைக்கவில்லை.

விடுதிப் பையனுக்கு வருகிறேன். போன வாரம் போன் பண்ணினான். ஒரு நிதி நிறுவனத்தில் பயிற்சி அதிகாரி வேலைக்கு இன்டர்வியூ. எழுத்துத் தேர்வில் தேறிவிட்டான். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்களாம். வட்டிக் கணக்கு கேட்டார்கள், சொன்னான். இருப்புநிலைக் குறிப்பில் ஒரு கேள்வி, சொன்னான். அப்புறம் நடுவில் இருந்தவர், நல்ல சிரித்த முகமாம், "அப்பா என்ன பண்றார்?"

அவன் அப்பா நகராட்சியில் ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளி.

"முனிசிபாலிட்டில இருக்கார் சார்."

"என்னவா?"

"சூப்பர்வைசர்."

வெளியே வந்து பஸ் ஏறத் தோன்றாமல் நாலு கிலோமீட்டர் நடந்தேன் என்றான். "அண்ணே, அப்பா பேரைக் கெடுத்துட்டேனாண்ணே?"

எனக்கும் ஒரு இன்டர்வியூ இருந்தது, அதிகாரிப் பதவி உயர்வுக்கு. என்னிடமும் கேட்டார்கள். விவசாயம் சார் என்றேன். எத்தனை ஏக்கர் என்று கேட்டார் ஒருவர். குத்தகை நிலம், மூன்று ஏக்கர் என்றேன். என் அப்பா சாகிற வரைக்கும் அடுத்தவன் வயலில் கூலிக்கு நாற்று நட்டவர். வரப்பில் உட்கார்ந்து, தனி டம்ளரில் வாங்கிய டீயைக் குடித்தவர். அவருக்கு மூன்று ஏக்கர் குத்தகை எழுதிக் கொடுத்தேன். அப்படியும் உயர்வு வரவில்லை, அது வேறு கதை. இதுவரைக்கும் நான் யாரிடமும் சொன்னதில்லை. அவனிடம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "நீங்களுமாண்ணே" என்றான்.

அந்தக் கம்பெனி பட்டியலிடப்பட்ட கம்பெனி. அதன் ஆண்டறிக்கையை எடுத்து அச்சடித்து வைத்திருக்கிறேன், முந்நூறு பக்கத்துக்கு மேல். இயக்குநர் குழுவின் போட்டோ முன்பக்கத்திலேயே இருக்கிறது, ஒன்பது பேர், எல்லோரும் சிரிக்கிறார்கள். வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு விடுதியின் சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்து வரி வரியாகப் படிக்கப் போகிறோம், யாருக்கு எவ்வளவு, எத்தனை மடங்கு, காண்ட்ராக்ட் ஆள் எத்தனை, அந்த ஒன்பது பேருடைய அப்பாக்கள் என்ன பண்ணினார்கள் என்று. அவன் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். அவன் அப்பாவையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமையும் அவருக்கு வேலை இருக்கிறதாம். முடித்துவிட்டு பதினோரு மணிக்கு வருவார்.